புருவ மத்தி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வங்கிக் கிளையில் 16 வருடமாக வேலை. சேர்ந்த புதிதில் கூட வேலை பார்த்த அக்கா, "ஒரு நாள் வீட்டுக்கு வாம்மா" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே திருப்பாப்புலியூரில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். திங்கட்கிழமை ஆபீஸே சிரித்தபோதுதான் தெரிந்தது, அது சும்மா பேச்சுக்குச் சொன்னது.

அன்றைக்கே ஒரு குயர் நோட்டு வாங்கினேன். 'சாப்டாச்சா' என்று கேட்டால் 'ஆச்சு' போதும், என்ன குழம்பு என்று விளக்க வேண்டாம். கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் புருவ மத்தியைப் பார்க்கலாம். இப்படியே பக்கம் பக்கமாக. கவுன்டருக்கு வருபவர்கள் 'தன்மையான பொண்ணு' என்பார்கள். பணம் எண்ணும் மெஷினின் சத்தத்துக்கு மட்டும் நோட்டில் வழி கிடைக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் லைட் போடாமல் ஒரு மணி நேரம் படுத்துக் கிடப்பேன்.

மூன்று வருடம் முன்பு அண்ணன் மகனைப் புதுச்சேரியில் காட்டினோம். சட்டை லேபிள் உறுத்துமா, பொருளை இடம் மாற்றினால் அழுவானா என்று டாக்டர் கேட்கக் கேட்க அம்மா, "இவளும் சின்னதுல இப்படித்தான் சார்" என்று என்னைக் காட்டினார். அவனுக்கு ஆட்டிசம் என்றார்கள். அதே வயதில் எனக்கு வைத்த பெயர் 'அடக்கமான பொண்ணு'.

அப்புறம் தேடிப் படித்தேன். 1943-இல் அமெரிக்க டாக்டர் லியோ கானர் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையில் வரும் 11 குழந்தைகளில் பெண்கள் 3 பேர். அடுத்த வருடம் ஆஸ்திரிய டாக்டர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விவரித்த நால்வரும் பையன்கள். சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் போவதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அடையாளங்களில் சேர்த்ததே 2013-இல்தான்.

நான் போன முதல் டாக்டர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். "கண்ணைப் பாத்து நல்லாப் பேசுறீங்க, பேங்க்ல வேலை. உங்களுக்கு ஏதும்மா ஆட்டிசம்?" நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் மூக்குக்கண்ணாடியின் நடுக்கம்பியை. அதைச் சொல்ல நோட்டில் வரி இல்லை.

இரண்டாவதாகப் பார்த்த உளவியலாளர் அம்மாவையும் வரச்சொல்லி மூன்று நாள் பொறுமையாகக் கேட்டார். குயர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இதை எத்தனை வருஷமா எழுதுறீங்க?" என்றார். அந்த ஒரு கேள்விக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. போன வருடம், 38 வயதில், உறுதியானது.

2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. அந்தத் தைரியத்தில் மேனேஜரிடம் எல்லாம் சொல்லி, மெஷினுக்குத் தள்ளி சீட் கேட்டேன்.

"இதுக்கா மேடம் இவ்ளோ? மாத்திக் குடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

இரண்டு வருடம் முன்பு கேட்டேன். 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்றது இவரேதான். சரி, போகட்டும். இப்போது லாக்கர் அறைப் பக்கம் உட்காருகிறேன். அங்கே ஒரு ட்யூப்லைட் விட்டு விட்டு எரிகிறது. அதற்கும் ஒரு லெட்டர் எழுத வேண்டும்.