லேடிஸ்மித் என்று நினைத்து வாங்கிய கவர்

தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாரும், டச்சு வழி வந்த குடியேறிகளான போயர்களும் மோதிய போயர் போர்க் காலத்துச் சிப்பாய்த் தபால்களைச் சேர்க்க ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. போன வருஷம் ஓர் ஏலத்தில் 'லேடிஸ்மித் முற்றுகைக்குள்ளிருந்து, கார்டன் ஹைலேண்டர்ஸ் சிப்பாய் அனுப்பியது' என்று ஒரு கவர் வந்தது. கார்டன் ஹைலேண்டர்ஸ் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்காட்லாந்துப் படை. அந்த ஊரைப் போயர்கள் 1899 நவம்பர் 2 முதல் 118 நாள் வளைத்து வைத்திருந்தார்கள், உள்ளேயிருந்து வந்த தபால் என்றால் விலை எங்கேயோ போய்விடும். யோசிக்காமல் வாங்கிவிட்டேன்.

கைக்கு வந்த பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். கடிதம் இல்லை, வெறும் உறை. விக்டோரியா ராணி தலை போட்ட ஊதா ஒரு பென்னி ஸ்டாம்ப், அதன் மேல் 1900 ஜனவரி 13 தேதியில் முத்திரை. இந்த முத்திரைகளில் 'ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ், பிரிட்டிஷ் ஆர்மி, எஸ். ஆப்பிரிக்கா' என்று இருக்குமே தவிர ஊர்ப்பெயர் இருக்காது, ஏனென்றால் தபால் ஆபீசே படையோடு நகர்ந்துகொண்டிருந்தது. எழுதியவன் எந்தப் படை, அந்தப் படை அன்றைக்கு எங்கே இருந்தது என்று தேடித்தான் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

உறையில் படையின் பெயர் இருந்தது, பட்டாலியன் எண் இருந்த மூலை கிழிந்திருந்தது. கார்டன்ஸின் 2வது பட்டாலியன் லேடிஸ்மித்துக்குள் மாட்டிக்கொண்டது உண்மைதான். ஆனால் 1வது பட்டாலியன் அப்போது மேற்கே, மாடர் ஆற்றுப் பக்கம் பிரிட்டிஷ் ஜெனரல் மெத்துவன் படையில் இருந்தது!

பின்பக்கத்தைத் திருப்பினால் ஸ்காட்லாந்தின் அபர்டீன் ஊர் முத்திரை, பிப்ரவரி 5. மொத்தமே 23 நாள். கேப் டவுனிலிருந்து கப்பலுக்கே இரண்டரை வாரம் போய்விடும். லேடிஸ்மித்திலிருந்து என்றால், ஆப்பிரிக்க ஓட்டக்காரர்கள் ராத்திரியில் உயிரைப் பணயம் வைத்துப் போயர் காவலைத் தாண்டி வெளியே கொண்டுவர வேண்டும், அப்புறம் டர்பன், அங்கிருந்து கப்பல். எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

விற்றவருக்கு எழுதினேன். பட்டாலியனை அவர் சரிபார்க்கவே இல்லையாம். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார், நான் விலை வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். கவரை விட மனசு வரவில்லை. டிசம்பர் 11 அன்று மாடர் ஆற்றுக்குப் பக்கத்தில் மாகர்ஸ்ஃபோன்டைனில் நடந்த சண்டையில் அந்த 1வது பட்டாலியன் தன் தளபதியையே பறிகொடுத்தது. அதற்கு ஒரு மாதம் கழித்து இந்த உறை வீட்டுக்குப் புறப்பட்டிருக்கிறது, முகவரியில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததுமே, பிரிப்பதற்கு முன்னாலேயே, பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பின்பக்க ஸ்கேன் வராமல் இப்போது எதற்கும் விலை கேட்பதில்லை. இந்தக் கவருக்கு மாடர் ஆறு என்று ஆல்பத்தில் புதுப் பக்கம் எழுதினேன். லேடிஸ்மித் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.