வேலையில் கண்ணில் துகள் பட்டால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்

கிரைண்டிங் வேலை பார்க்கும் தம்பிகளே, "சின்னத் துகள்தானே, தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். நான் இரண்டு நாள் விட்டேன். இரும்புத் துகளைச் சுற்றிக் கருவிழியில் துரு படிந்து, டாக்டர் அதைத் தனியாகச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வலியைக்கூடத் தாங்கிவிட்டேன். இழப்பீடு கேட்டபோது, "வேலையிலதான் பட்டதுன்னு என்ன ஆதாரம்?" என்றார்கள். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

கண்ணைக் கசக்காதீர்கள். (ரசாயனம் தெறித்தால் முதலில் 15 நிமிடமாவது தண்ணீரில் கழுவுங்கள், மற்றதெல்லாம் பிறகு.) அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள்: எத்தனை மணிக்கு, எந்த மெஷினில், யார் பார்த்தது. டாக்டரிடமும் வேலையில் பட்டது என்றே சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அன்றைய பார்வை அளவும் அதில் இருக்கட்டும். பின்னால் பார்வை மங்கினால் ஒப்பிட்டுக் காட்ட அது வேண்டும்.