காயலான் கடைக்கு வந்த பீப்பாய்

புதுப்பேட்டையில் காயலான் கடை வைத்திருக்கும் என் மாமா, பழைய பீப்பாய் எது வந்தாலும் முதலில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார். பிறகு மூடியருகே மூக்கை வைத்து முகர்ந்துவிட்டுத்தான் விலை பேசுவார். சென்ற வாரம் அவரிடம் சீனாவின் சிச்சிகார் நகரில் 2003 ஆகஸ்டில் நடந்ததைச் சொன்னேன். கட்டுமானத்துக்காகத் தோண்டிய இடத்தில் ஐந்து உலோகப் பீப்பாய்கள் கிடைத்தன. அவை பழைய இரும்பாகக் கைமாறின. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் விட்டுச் சென்ற கடுகு வாயு என்ற ரசாயன ஆயுதம் அவற்றில் இருந்தது. ஒருவர் இறந்தார், நாற்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

வாயு என்பது பெயரளவில்தான். அது எண்ணெய் போன்ற திரவம். 14 டிகிரி வாக்கில் உறையும் அது, நம் ஊர் மார்கழியில்கூடத் திரவமாகவே இருக்கும். பூண்டு வாடை அடிக்கும். தோலில் பட்டவுடன் வலிக்காது, சில மணி நேரம் கழித்தே கொப்புளிக்கும் என்பதால், பட்டவர் அதற்குள் வீட்டுக்கே போயிருப்பார்.

ஆகவே ஜப்பானிய ராணுவம் இப்படி விட்டுச் சென்ற ரசாயனக் குண்டுகளை அகற்றுபவர்கள் எதையும் திறந்து பார்ப்பதில்லை. துருப்பிடித்த குண்டைச் சாய்த்து வைத்து எக்ஸ்ரே எடுக்கிறார்கள். உள்ளே ஒரு மட்டம் சாயாமல் கிடையாகத் தெரிந்தால், அது திரவம். பிறகு தடித்த எஃகு அறைக்குள் வைத்து வெடிக்கச் செய்தோ சூடாக்கியோ அழித்து, வெளிவரும் புகையையும் சுத்திகரிக்கிறார்கள். ஜிலின் மாகாணத்தின் ஹர்பாலிங்கில் 2014 முதல் இந்த வேலை, ஜப்பானின் செலவில், நடந்து வருகிறது.

மாமா இப்போது முகர்வதில்லை. தட்டுவதை மட்டும் விடவில்லை.