21ஆம் திகதிக்கு முன்

ஒக்டோபர் 8
21ஆம் திகதி அம்மாவை வவுனியா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வந்து இறங்கியபோது, எங்கள் பிராடோ ஜீப்பின் முன் இடப்பக்கச் சில்லு கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. வலப்பக்கச் சில்லில் அத்தனை சூடில்லை.

ஒக்டோபர் 9
சில்லைக் கழற்றினோம். கலிப்பர் என்பது சில்லோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் பேட்களால் அழுத்தி நிறுத்தும் பிறேக் பகுதி. இந்த வாகனத்தின் முன் கலிப்பரில் டிஸ்க்கின் இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு பிஸ்டன்கள் இருக்கின்றன. கலிப்பரை அசைக்காமலே இரண்டு ஆணிகளையும் உருவிப் பேட்களை வெளியே எடுத்துவிடலாம். வெளிப்பக்கப் பேட்டில் 6 மில்லிமீற்றர் மீதமிருந்தது. உட்பக்கத்துப் பேட்டோ மேல்முனையில் 4, கீழ்முனையில் 1 என ஆப்பு வடிவில் தேய்ந்திருந்தது. "பேட்டை மாத்தினால் போதும் தம்பி" என்றார் கராஜ்காரர். கீழ்ப் பிஸ்டன் ஏன் திரும்பிச் செல்லவில்லை என்று அறியாமல் புதிய பேட்டைப் போட்டால் அதுவும் அதே முனையில்தான் தேயும் என்பதால் நான் உடன்படவில்லை.

ஒக்டோபர் 10
அம்மா இரவு முழுவதும் உறங்கவில்லை.

ஒக்டோபர் 12
பிறேக்கை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எந்தச் சுருள்வில்லும் அல்ல. அதைச் சுற்றியுள்ள சதுர விளிம்பு றப்பர் வளையம்தான் அழுத்தத்தில் சற்று முறுகி, அழுத்தம் நீங்கியதும் பழைய நிலைக்கு மீளும்போது பிஸ்டனையும் கூடவே கொண்டு செல்கிறது. எங்கள் கீழ்ப் பிஸ்டனின் தூசியுறை கிழிந்து, கிரவல் வீதியின் செம்மண்ணும் மழைநீரும் உள்ளே போயிருந்தன. மற்ற மூன்று பிஸ்டன்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் வெளியே தள்ளினோம். பிடிக்காவிட்டால் இலகுவாக நகர்பவை முதலில் வெளியேறிவிடும், இறுகியது அப்படியே நின்றுவிடும். துருவின் அடியில் குழி விழாதது பெரிய ஆறுதல். கழுவுவதற்கு மண்ணெண்ணெய் கொண்டுவந்தார்கள். அது றப்பரை ஊதவைக்கும் என்பதால் பிறேக் ஒயிலால் மட்டுமே துடைக்கச் சொன்னேன்.

கிளிநொச்சியில் பேட் கிடைத்தது, வளையங்கள் கிடைக்கவில்லை. கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் சொல்லியிருக்கிறது.

ஒக்டோபர் 14
பொதி வரவில்லை.

ஒக்டோபர் 15
மழை. காலபோக விதைப்பு தொடங்கிவிட்டதால் வயலுக்குள் விடப்படாத மாடுகள் இரவில் தார்வீதியிலேயே படுத்துக்கிடக்கின்றன. கறுத்த மாடு விளக்கொளிக்குள் வரும்போது எஞ்சியிருக்கும் தூரம் மிகக் குறைவு. அம்மாவைப் பின்னிருக்கையில் படுக்கவைத்துக்கொண்டு ஒருபக்கம் இழுக்கும் பிறேக்குடன் அந்த வீதியில் போக நான் சம்மதிக்க மாட்டேன். வேறு வாகனம் பிடிக்கலாம் என்று மாமா சொல்கிறார். அந்த வாகனத்தின் உட்பக்கத்துப் பேட்டை யார் பார்த்தார்கள்?

ஒக்டோபர் 17
வளையங்கள் வந்தன. பூட்டிவிட்டு, பழைய ஒயில் முழுவதையும் வெளியேற்றிப் புதியதை ஊற்றினோம். புதிய டொட் 3 வகைப் பிறேக் ஒயில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சி நீர் 3.7 வீதமானால் 140 பாகையிலேயே கொதித்துவிடும். காற்றுக் குமிழி நின்று, மிதி உறுதியான பிறகே சில்லைப் பூட்ட விட்டேன்.

ஒக்டோபர் 18
புதிய பேட் டிஸ்க்கில் படிவதற்கு, 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை முழுதும் நிறுத்தாமல் மெல்லக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு ஓட்ட வேண்டும். முத்தையன்கட்டுப் பக்கம் பாதி ஓட்டினேன். மழை வலுத்ததால் திரும்பினேன்.

ஒக்டோபர் 19
21 வரை காத்திருக்க வேண்டாம், அம்மாவை நாளை காலையே வவுனியாவுக்குக் கொண்டுவரும்படி வைத்தியசாலையிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். மீதி ஓட்டத்தை இன்று மாலைக்குள் முடித்தாக வேண்டும். இப்போதே புறப்படுகிறேன்.