பூக்கட்டும் நூலும் 12 பாகம் ஆழமும்

இந்த முறை தூண்டில் போடப் போன கடலடிப் பாறைத்திட்டுக்கு, அதாவது பாருக்குக் கொடுத்தது 19 இரும்பு நட்டுகள், ஒரே ஒரு தூண்டில் முள். ஜனவரியில் இதே பாரில், இதே ஐந்து பேர், ஒரே இரவில் 31 ரிக்குகளைப் பறிகொடுத்தோம். முள், நூல் முறுக்காமல் காக்கும் சுழலி, எடைக்கான ஈயம், முள்ளைத் தாங்கும் தடித்த நரம்பான லீடர் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு ரிக். அன்று பெட்டியில் கிடந்தவை மூன்று விளமீனும் ஒரு கிளாத்தியும். இந்த மார்ச்சில் 22 மீன்கள் கரைக்கு வந்தன. கடல் அமைதியாக இருந்தது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அம்மா பூக்கட்டும் நூல் இல்லாமல் போயிருந்தால் அமைதியான கடலிலும் ஜனவரிக் கதைதான் நடந்திருக்கும்.

தூத்துக்குடிப் பக்கம் பார் தூண்டில் போடுகிறவர்களுக்கு அடித்தரை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் முத்துச்சிப்பி விளைந்த பார்கள் இவை. இங்கே கடைசியாக முத்துக்குளித்தது 1961-இல். சிப்பி போனாலும் பாறையும் வெடிப்பும் இடுக்கும் அப்படியே இருக்கின்றன. களவா மீன் குடியிருப்பது அந்த இடுக்கில், நம் ஈயம் போய்ச் சிக்குவதும் அதே இடுக்கில். எந்தப் பார் என்று மட்டும் கேட்காதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளை விட்டு நன்றாக விலகி, 12 பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாளைத் தேர்ந்தெடுத்தது படகுக்கார அண்ணன். ஞாயிற்றுக்கிழமை அவர் கடலுக்குப் போவதில்லை. ஆகவே வெள்ளி மதியம் புறப்பட்டுச் சனி காலை திரும்புவது என்று முடிவானது. அது வளர்பிறை அட்டமி. "அட்டமியில் போய் யாராவது கடலுக்குப் போவார்களா?" என்று அம்மா கேட்டார். பாருக்கு அட்டமியைவிட நல்ல நாள் எனக்குத் தெரியாது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீவாடு (கடல் நீரோட்டம்) இழுக்கும். அட்டமியை ஒட்டித் தளர்ந்துவிடும். தூண்டில் நேராக இறங்கும். நிலவும் நள்ளிரவோடு அடைந்துவிடுவதால் பின்னிரவு இருட்டாகக் கிடைக்கும். கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை முன்னறிவிப்பும் அரை மீட்டருக்கு மேல் போகவில்லை.

இனி நூலுக்கு வருகிறேன்.

ரிக்கின் அடியில் ஈயத்தைப் பலவீனமான நூலில் கட்டுவது புதிய யோசனை அல்ல. பாறையில் ஈயம் சிக்கினால் நூல் மட்டும் அறுந்து, முள்ளும் லீடரும் மீனும் தப்பிவிடும். கேட்க எளிது. ஆனால் எந்த நூல், எத்தனை இழை, எவ்வளவு நீளம் என்று யாரைக் கேட்டாலும் கைக்கணக்குத்தான் சொல்கிறார்கள். ஜனவரியில் நானும் மெல்லிய நைலான் நரம்பைக் கட்டிப் பார்த்தேன். அறுக்க வேண்டிய இடத்தில் ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போனது. கடைசியில் மேலே இருந்த முடிச்சுதான் விட்டது.

அதனால் பிப்ரவரி முழுக்க ஒவ்வொரு இரவும் சமையலறைக் கதவின் கொண்டியில் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசை மாட்டி, நூல்களை ஒவ்வொன்றாக இழுத்து அறுத்தேன். ஒவ்வொன்றிலும் பத்து முறை. எனக்கு வேண்டிய நூல் மூன்று கிலோவுக்குக் கீழே அறுபடக் கூடாது, அறுந்தால் அலை தூக்கிப் போடும்போதே எடை போய்விடும். ஐந்து கிலோவைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கக் கூடாது. தாங்கினால் மீன் இழுக்கும் வேகத்தில் லீடர்தான் பாறையில் உரசும்.

தையல் நூல் ஓரிழை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவில் அறுந்தது. பாலியெஸ்டர் நூல் மிக வலுவானது, கடலில் மட்கவும் செய்யாது, உடனே ஒதுக்கிவிட்டேன். வாழைநாரில் எனக்கு ஆசை அதிகம். வீட்டிலேயே கிடைக்கிறது, காசு கிடையாது, கடலுக்கும் கெடுதல் இல்லை. ஆனால் ஒரு நார் இரண்டு கிலோவில் அறுகிறது, அதே மட்டையில் உரித்த அடுத்த நார் ஆறு கிலோ தாங்குகிறது. அப்படிப்பட்டதை நம்பி 12 பாகத்தில் முள்ளை இறக்க முடியாது.

பூக்கட்டும் வெள்ளைப் பருத்தி நூல்தான் சொன்ன இடத்தில் நின்றது. மூன்று இழையாக முறுக்கினால் 3.1 கிலோ, 3.2 கிலோ, 3.1 கிலோ. பத்து முறையும் அதற்குள்தான். நனைத்துவிட்டு இழுத்தபோது 3.6 கிலோவுக்கு ஏறியது. பருத்தி நனைந்தால் வலுக்கூடும், நைலான் நனைந்தால் வலுக்குறையும். இதைப் படித்திருக்கிறேன், ஆனால் தராசின் எண்ணில் பார்த்தபோதுதான் அதன் அருமை புரிந்தது. பார் தூண்டிலுக்கு இப்படி நீரில் வலுவாகிற நூல்தான் வேண்டும். அன்றிரவே முப்பது துண்டுகளை வெட்டி, முறுக்கி, ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் போட்டுவைத்தேன். காய்ந்த நூலைக் கட்டி வீசாதீர்கள். தண்ணீரைத் தொடும் அதிர்விலேயே அறுந்துவிடுகிறது. எனக்கு இரண்டு நட்டுகள் அப்படித்தான் போயின.

நீளமும் முக்கியம். முதலில் ஒரு சாண் விட்டேன். இறங்கும்போது நட்டு சுழன்று, நூல் முள்ளின் கிளை நரம்பில் சுற்றிக்கொண்டது. நான்கு விரற்கடை போதும். அதற்கும் குறைந்தால் நட்டோடு சுழலியும் இடுக்குக்குள் போய்விடும்.

ஈயத்தை நான் கைவிட்டுவிட்டேன். அறுத்துவிட்டு வரத்தான் போகிறோம் என்று தெரிந்த பிறகு ஈயத்தைப் பாரில் கொட்ட மனம் வரவில்லை, அது நஞ்சு. பழைய இரும்புக் கடையில் 30 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான நட்டுகளைக் கிலோ 45 ரூபாய்க்கு அள்ளிவந்தேன். ஒவ்வொன்றும் 220 கிராம் சுமார். அந்த ஆழத்துக்கு, அந்த நீவாட்டுக்கு, அளந்து செய்ததுபோல் பொருந்தியது. பழைய இரும்புக் கடைக்காரர்கள் சிலர் துருப்பிடித்த நட்டைத் தனியாக ஒதுக்கிவைப்பார்கள். அதையே கேட்டு வாங்குங்கள், விலை இன்னும் குறையும். பிரெய்டு என்னும் பின்னல் தூண்டில் நூல் விஷயத்தில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. இணையத்தில் ஒருவரிடம் 50 பவுண்டு என்று வாங்கிய நூல் என் தராசில் 12 கிலோவில் அறுந்தது. 22 கிலோ தாங்கியிருக்க வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. தராசு ஒன்றை வாங்கிவையுங்கள், உறையில் அச்சடித்ததை நம்பாதீர்கள்.

வள்ளம் மதியம் மூன்று மணிக்குக் கிளம்பியது. முயல் தீவின் கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் வழுவழுவென்று கிடந்தது. படகின் நிழல்கூட உடையாமல் கூடவே வந்தது. அண்ணன் ஜி.பி.எஸ். கருவி வைத்திருக்கிறார், ஆனால் முதலில் கரையைத்தான் பார்க்கிறார். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி விளக்கத்துக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கணித்து, விசைப்பொறியை நிறுத்திய பிறகே கருவியை எடுத்தார். எண் சரியாக இருந்தது.

காற்றும் நீவாடும் இல்லாத இரவில் ஒரு தொல்லை உண்டு. படகு நங்கூரக் கயிற்றைச் சுற்றித் தன் விருப்பத்துக்கு அலையும். பாரின் விளிம்பில் விழுந்த இரை பத்து நிமிடத்தில் மணலில் கிடக்கும். அண்ணன் அணியத்தில் (படகின் முன்பக்கம்) ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு நங்கூரம் போட்டுப் படகைக் கட்டிவைத்தார். அந்தப் பின் நங்கூரத்தை அவர் கட்டிய விதத்தை நான் அருகில் போய்ப் பார்த்தேன். கயிற்றின் உண்மையான முடிச்சு நங்கூரத்தின் அடிப்பாகத்தில் இருந்தது. தலை வளையத்தில் வெறும் சணலால் இரண்டு சுற்று. நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டால், ஓங்கி இழுத்ததும் சணல் அறுந்து, நங்கூரம் குப்புறப் புரண்டு பின்பக்கமாக வெளியே வரும்.

நான் டப்பாவைத் திறந்து என் நூல்களைக் காட்டினேன். ஒன்றை எடுத்து விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார். "நாங்கள் நங்கூரத்துக்குச் செய்வதை நீங்கள் தூண்டிலுக்குச் செய்திருக்கிறீர்கள், தம்பி. நல்ல கட்டுத்தான்" என்றார். ஒரு மாதம் கதவுக் கொண்டியோடு மல்லுக்கட்டியதற்கு அந்த வார்த்தை போதும்.

ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் ஏழு நட்டுகள் போய்விட்டன. பாறையில் சிக்கவே இல்லை, சும்மா தொங்கும்போதே அறுந்தன. வங்கியில் வேலை பார்க்கும் நண்பன் நூலைக் குற்றம் சொன்னான். தூக்கிப் பார்த்தால் அறுந்த நுனி பஞ்சுபோல் சிலும்பியிருந்தது. இழுத்து அறுந்த நூல் அப்படி இருக்காது. நட்டின் உள்ளே ஓடும் மரைதான் ஒவ்வொரு அசைவிலும் அரம்போல் நூலை ராவியிருக்கிறது. என் மைத்துனனின் பையில் சைக்கிள் வால்வு டியூப் ஒரு துண்டு இருந்தது, விளக்குக் கம்பியில் மாட்டுவதற்காகக் கொண்டுவந்தது. அதை அரை அங்குலமாக நறுக்கி, நூலை அதன் வழியாகக் கோத்து, பிறகு நட்டில் கட்டினேன். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. அடுத்த ஒன்பது மணி நேரத்தில் போன பத்து நட்டுகளும் பாறையில் சிக்கிப் போனவைதான்.

முன்னிரவில் விளமீன் நன்றாகக் கடித்தது. விளக்கடியில் ஜிக் (போலி இரைத் தூண்டில்) போட்டுப் பிடித்த ஊசிக்கணவாயைச் சுண்டுவிரல் அகலத்துக்கு நறுக்கிக் கொடுத்தோம். பத்து மணிக்குள் ஒன்பது. அண்ணன் அதில் இரண்டை எடுத்துப் புளி கரைத்துவிட்டு அடுப்பிலேற்றினார். பரோட்டாவை அந்தக் குழம்பில் ஊறவைத்து உண்டோம். அதைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் எழுத வேண்டும்.

நிலவு அடைந்ததும் கடல் முற்றாக மாறியது. தூண்டில் நீரைத் தொட்ட இடமெல்லாம் பச்சை ஒளி சிதறியது. நான் முழு ஊசிக்கணவாயை 8/0 அளவு வட்ட முள்ளில் கோத்து இறக்கி, தரையைத் தொட்டதும் இரண்டு முழம் தூக்கி நிறுத்தினேன். 2 மணி 40 நிமிடம் இருக்கும். தடி ஒருமுறை தலையசைத்தது. வட்ட முள்ளில் வெடுக்கென்று சுண்டி இழுக்கக் கூடாது, சுற்ற மட்டும் வேண்டும். சுற்றினேன். தடி வளைந்து படகின் விளிம்பைத் தொட்டது. அப்புறம் எல்லாம் நின்றுபோனது. மீன் இடுக்குக்குள் திரும்பிவிட்டது, நட்டு பாறையில் மாட்டிக்கொண்டது. ஜனவரியில் மூன்று முறை இதே இடத்தில்தான் லீடர் அறுந்து நான் வெறும் நரம்பைச் சுற்றியெடுத்தேன்.

ரீலின் சுருளை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு தடியின் அடிக்கட்டையில், என் முழங்கைக்கு வந்து சேர்ந்த மாதிரி, 'டக்' என்று ஒரு சின்னத் தெறிப்பு. நூல் விட்டது. அதே கணத்தில் கனம் மேலே எழும்பத் தொடங்கியது. இரண்டு பாகம் தூக்கியதும் களவாவின் பலம் பாதியாகிவிடும். விளக்கு வெளிச்சத்தில் முதலில் வந்தது அகலத் திறந்த வாய்தான், என் முஷ்டி நுழையும் அளவு. பழுப்பு உடம்பில் செம்புள்ளிகள். முள் வாய் மூலையில் ஒழுங்காக மாட்டியிருந்தது. அதற்குக் கீழே சுழலியில் நான்கு விரற்கடை வெள்ளை நூல் அறுந்து ஆடிக்கொண்டிருந்தது. 7.4 கிலோ. நான் பிடித்ததில் இதுதான் பெரியது. சத்தம் போட்டு எல்லோரையும் எழுப்பிவிட்டேன்.

பிறகு கிடைத்த களவாக்களில் இரண்டு ஒரு கிலோவுக்கும் கீழே. களவா பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறுகிற மீன், சின்னதை எடுத்தால் முட்டையிடும் மீனை எடுத்ததாகிவிடும். அதனால் இரண்டையும் கடலுக்கே திருப்பி விட்டேன். ஆனால் அந்த ஆழத்திலிருந்து தூக்கினால் காற்றுப்பை விரிந்து, மீன் தானாக இறங்க முடியாமல் மிதக்கும். நட்டில் ஒரு முள்ளைத் தலைகீழாகக் கட்டி, கீழ்த்தாடையில் இலேசாக மாட்டி, கீழே இறக்கிவிட்டு வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினால் மீன் கழன்றுகொள்ளும். முதலாவது ஒழுங்காகப் போனது. இரண்டாவது நாலு பாகத்திலேயே கழன்று மேலே வந்தது. வலைக்கரண்டியால் பிடித்து மறுபடி இறக்கினேன், திரும்பி வரவில்லை. இந்தக் கருவியை இன்னும் சரியாகச் செய்ய வேண்டும், முள்ளின் செதிலை (நுனியில் பின்னோக்கி நிற்கும் கூரை) முழுதாக ராவிவிட்டுப் பார்க்கப்போகிறேன்.

விடியலில் மூன்று பாறை மீன், இரண்டு செப்பிலி மீன். ஆறரைக்கு அண்ணன் நங்கூரத்தை இழுத்தார். முன் நங்கூரம் எளிதாக வந்தது. பின் நங்கூரம் மாட்டிக்கொண்டிருந்தது. விசைப்பொறியை மெதுவாக ஓட்டினார், கயிறு இறுகியது, சணல் அறுந்தது, நங்கூரம் வந்துவிட்டது.

அடுத்தது அதே பாரின் வெளிச்சரிவு, 25 பாகம். அங்கே 220 கிராம் போதாது, இரண்டு நட்டுகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும். அப்படியானால் மூன்று இழை தாங்காது. நான்கா, ஐந்தா என்று இன்னும் அறுத்துப் பார்க்கவில்லை. பூக்கடைத் தெருவில் நான்கு கண்டு நூல் வாங்கி, இரண்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மீதி இரண்டும் தராசுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.