ரப்பர் ஷீட்டும் 90 ரூபாயும்

குலசேகரத்தில் அப்பாவுக்கு ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை. நாகர்கோவிலில் பி.காம் முதல் வருடம் படிக்கும்போது, பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் ஒரு இருப்பாய்வில் 90 ரூபாய் உதைத்தது. ராத்திரி முழுக்கத் தேடினேன். பற்றுப் பக்கத்தில் 540-ஐ 450 என்று எழுதியிருந்தேன்! வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று மறுநாள் மிஸ் சொன்னார். அன்றைக்குப் பிடித்துப்போனது இந்தப் படிப்பு.

இப்போது கடைக் கணக்கும் என் கையில்தான். "இந்த மாசம் எவ்வளவு நின்னுது மக்களே?" என்று அப்பா கேட்டால், ஷீட்டுக்கான 5 சதவீத ஜி.எஸ்.டி.யைத் தனியே பிரித்துக் காட்டுவேன்.

தோழிகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். எனக்கு சி.ஏ.தான். பி.காமில் 55 சதவீதம் இருந்தால் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். அப்புறம் ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடப் பயிற்சி. அதை நம்மூர்ப் பக்கமே முடிக்க ஆசை.