அக்கா, டெக்கா இருக்கா?

எங்கள் மெடிக்கலில் டெக்கா ஊசி கேட்டு வருகிறவர்கள் இரண்டு வகை. எலும்பு தேய்ந்துபோன பாட்டிக்காக டாக்டர் சீட்டோடு வருகிறவர்கள் ஒரு வகை. கூட்டம் குறையும் வரை வெளியே வண்டியில் சாய்ந்து நின்றுவிட்டு, "அக்கா, டெக்கா இருக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறவர்கள் இன்னொரு வகை. கடை கடலூர் மஞ்சக்குப்பத்தில், சுற்றிலும் ஜிம்முக்குக் குறைவில்லை. சில பையன்கள் மெபென்டர்மின் கேட்பார்கள். ஆபரேஷனில் ரத்த அழுத்தம் இறங்கினால் ஏற்றுவதற்காகப் போடுகிற ஊசி அது. "ஜிம்முக்கு முன்னாடி போட்டா செம பம்ப்க்கா" என்றான் ஒருவன். "நெஞ்சும்தான் பம்ப் ஆகும், அப்புறம் நிக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். சீட்டு இல்லாமல் தர மாட்டேன். ஆனால் அவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருப்பான் என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை.

இந்த டெக்கா என்பது நாண்ட்ரலோன், தசையை ஏற்றுகிற ஸ்டீராய்டு. போட்டிக்குப் போகிறவர்களுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து. 2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் திருச்சி கோமதி மாரிமுத்து 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 நொடியில் ஓடித் தங்கம் வாங்கினார் அல்லவா, அவருடைய சிறுநீரில் இருந்ததாகச் சொன்னது இதைத்தான். அதற்கு முந்தைய மாதம் பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலும் இருந்தது. தங்கம் போனது, நான்கு வருடம் தடை. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றுதான் அவர் சொன்னார்.

தங்கம் வாங்கியபோது எங்கள் கவுன்டரில் பேப்பரை விரித்து வைத்து "நம்ம பொண்ணு" என்று உருகியவர் ஒருவர். சர்க்கரை மாத்திரைக்கு வழக்கமாக வருகிறவர். செய்தி மாறியதும் அதே வாய், "இவளுங்க எல்லாமே ஊசி போட்டுத்தான் ஓடுறாளுங்க" என்றது. கூடவே சாந்தியையும் இழுத்தார். ஓட்டப்பந்தய வீராங்கனையான புதுக்கோட்டை சாந்தியிடம் 2006-ல் ஆசிய விளையாட்டுப் பதக்கத்தைப் பிடுங்கியது பாலினச் சோதனையைக் காட்டி. மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. சொன்னேன். "ஏதோ ஒண்ணும்மா" என்று கிளம்பிவிட்டார்.

அதே 2019 ஜூலையில் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷா மாட்டினார். டெர்பூட்டலின். இருமல் சிரப்பில் வருகிற மருந்து. எட்டு மாதத் தடை, அதையும் மார்ச்சிலிருந்தே கணக்கிட்டதால் நவம்பரில் முடிந்தது. அப்போது அதே மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "சின்னப் பையன், பாவம், இருமல் மருந்து குடிச்சிருக்கான்." இரண்டு மருந்தும் ஒன்றல்ல, விதிப்படியே தண்டனையும் வேறு, அதை நான் மறுக்கவில்லை. நான் கேட்பது, சந்தேகத்தின் பலன் ஏன் எப்போதும் கிரிக்கெட் பேட் வைத்திருப்பவருக்கே போகிறது என்பதுதான். இத்தனைக்கும் கிரிக்கெட் வாரியம் அதுவரை தன் வீரர்களைத் தானேதான் சோதித்துக்கொண்டிருந்தது. தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவின் கீழ் வரச் சம்மதித்ததே அந்த ஆகஸ்டில்தான்.

என் அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள், 400 மீட்டர் ஓடுகிறாள். காலையில் அண்ணா விளையாட்டரங்கத்தில்தான் பயிற்சி. வெளியூர்ப் போட்டி ஒன்றில் அவளைச் சோதனைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓடி முடித்த உடம்பில் தண்ணீர் ஏது? குறைந்தது 90 மில்லி வேண்டும். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அப்புறம் சட்டையை மேலே தூக்கி, கையை முழங்கை வரை மடித்து, எதிரே ஒரு பெண் அதிகாரி நின்று பார்க்க, கப்பில் பிடிக்க வேண்டும். அதைத் தன் கையாலேயே ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் ஊற்றி மூட வேண்டும். கடைசியில் ஒரு படிவம். ஏழு நாளில் என்னென்ன மாத்திரை போட்டாய் என்று கேட்கும். அங்கிருந்து எனக்கு போன்: "சித்தி, நீ குடுத்தியே, நாள் தள்ளிப்போற மாத்திரை, அது பேரு என்ன?"

நோரெதிஸ்டிரோன். கோயில் திருவிழா, கல்யாணம், சபரிமலைக்கு மாலை போட்ட வீடு என்று எங்கள் கடையில் பெண்கள் வாங்கிப் போகிற சாதாரண மாத்திரை. தடை செய்யப்பட்டதும் இல்லை. ஆனால் நாண்ட்ரலோன் போட்டால் சிறுநீரில் எந்தப் பொருள் வருமோ, அதே பொருள் இந்த மாத்திரையாலும் கொஞ்சம் வரலாம். ஆய்வகங்களுக்கு அது தெரியும், பிரித்துப் பார்க்க வழியும் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் படிவத்தில் எழுதிவிடு என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். கோமதி விஷயத்தில் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. உடம்புக்குள் எது இருந்தாலும் வீராங்கனைதான் பொறுப்பு என்கிற விதி எவ்வளவு இறுக்கமானது என்று அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோருக்கும் உறைத்தது.

விதி இறுக்கமாக இருக்கட்டும், தப்பில்லை. 2023-ல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் இருநூற்றுக்கும் மேற்பட்டவற்றில் தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. நிறைய மாதிரி எடுத்த நாடுகளில் விகிதத்தில் நாம்தான் முதலிடம். எல்லோரும் இருமல் மருந்து குடித்தவர்கள் என்றால் நானே சிரிப்பேன். ஆனால் அந்த ஊசிக்கு ஒரு கடை இருந்திருக்கும், அளவு சொன்ன ஒருவர் இருந்திருப்பார். டெல்லி காமன்வெல்த்தில் தங்கம் வென்ற 4x400 தொடரோட்டப் பெண்களில் மூன்று பேர் 2011-ல் மாட்டியபோது, பயிற்சியாளர் வாங்கிக் கொடுத்த ஜின்செங் என்கிற மூலிகைச் சத்து மருந்தில்தான் அது கலந்திருந்தது என்றார்கள். பயிற்சியாளரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்தப் பெண்களுக்கு முதலில் ஒரு வருடம், மேல்முறையீட்டில் அது இரண்டானது. திட்டு வாங்கியதும் அவர்கள்தான். நம் பக்கத்து பொங்கல் கபடியில் சோதிக்கக்கூட ஆள் கிடையாது. லேபிள் இல்லாத டப்பாவிலிருந்து பவுடரைக் கலக்கிக் கொடுக்கிற "மாஸ்டர்" மட்டும் இருப்பார்.

அதனால் கடலூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை போட்டிக்குப் போகிறது என்றால் மருந்து வாங்கும்போதே கடையில் சொல்லிவிடுங்கள். டெர்பூட்டலின் இல்லாத இருமல் சிரப் இருக்கிறது, தேடித் தருவோம். பில்லைக் கேட்டு வாங்குங்கள், பேட்ச் எண் அதில் இருக்கும். மாஸ்டர் டப்பாவை நீட்டினால், அதற்கும் பில் கேளுங்கள்.